40,000 ரூபாய் ரீலா, 15,000 ரூபாய் கோப்பையா: வாங்க வைப்பது எது?

குன்னூரில் ஹோம்மேட் சாக்லேட்டும் தேயிலைத் தூளும் விற்கும் கடை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று லட்சம் பேர் பின்தொடரும் ஒரு பயண வீடியோக்காரர் ஒரே ஒரு ரீலுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் சிற்றூர்) ஒன்றின் இளைஞர்கள், கிரிக்கெட் போட்டிக்கு 15,000 ரூபாய் கொடுத்தால் கோப்பையிலும் பேனரிலும் கடையின் பெயரைப் போடுவதாகச் சொல்கிறார்கள். இரண்டில் எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியை மறுபடி படித்தபோது, அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிந்தது. வீடியோவையோ பேனரையோ பார்த்தவருக்கு "இதை வாங்க வேண்டும்" என்று தோன்றுகிறதே, அந்த எண்ணம் உங்கள் கல்லா வரை வந்து சேருமா என்பதுதான் அது. அதற்கே முதலில் பதில் சொல்ல முயல்கிறேன்.

நுகர்வோர் நடத்தையைக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு உதகை, குன்னூர், கோத்தகிரிக் கடைக்காரர்கள் சிலருடைய விளம்பரச் செலவுகளைப் பார்த்து யோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கணக்குப் புத்தகம் என் கையில் இல்லாததால், சில இடங்களில் பொதுவாகத்தான் பேச முடியும்.

உறுதியாகச் சொல்லத்தக்கவற்றிலிருந்து தொடங்குகிறேன். சொல்பவர் மீதுள்ள நம்பிக்கை, அவர் சொல்லும் பொருள் மீதும் படியும் என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்ட செய்தி. 1951 இல் கார்ல் ஹவ்லாண்டும் வால்டர் வைஸும் வெளியிட்ட ஆய்வில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமா என்பது பற்றிய கட்டுரையை ஒரு பகுதியினருக்கு இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமர் எழுதியதாகவும், மற்றொரு பகுதியினருக்குச் சோவியத் நாளேடான பிராவ்தாவில் வந்ததாகவும் கொடுத்தார்கள். ஓப்பன்ஹைமர் பெயரோடு படித்தவர்களே அதிகமாகக் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆய்வின் மறுபாதிதான் உங்களுக்கு முக்கியம்: நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது இரு பகுதியினருக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சொன்னவர் யார் என்பது சொல்லப்பட்ட செய்தியிலிருந்து நழுவிவிடுகிறது. மார்ச்சில் ரீலைப் பார்த்து மே மாதம் மலையேறுபவருக்கு, குன்னூரில் நல்ல சாக்லேட் கிடைக்கும் என்பது நினைவிருக்கும். சொன்னவர் பெயரும் உங்கள் கடைப் பெயரும் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்போது உங்கள் 40,000 ரூபாய் குன்னூரில் உள்ள எல்லாச் சாக்லேட் கடைகளுக்கும் சேர்த்துச் செய்த விளம்பரமாகிவிடும்.

அந்த நம்பிக்கை எதனால் ஆனது என்பதை 1990 இல் ரூபினா ஒஹானியன் மூன்றாகப் பிரித்தார்: சொல்பவரின் துறையறிவு, நேர்மை, கவர்ச்சி. நடிகர் நடிகையரை வைத்து எடுக்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் கவர்ச்சியை நம்பியவை. சமூக ஊடகக்காரர்களின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. தன் வீட்டு அடுப்படியில் நின்று பேசுகிறார், காய்ச்சலில் கிடந்ததைச் சொல்கிறார், பின்னூட்டத்துக்குப் பதில் போடுகிறார். பார்ப்பவருக்கு நாளடைவில் அவர் தெரிந்தவராகிவிடுகிறார். இந்த ஒருபக்க உறவை, வானொலியும் தொலைக்காட்சியும் மட்டும் இருந்த 1956 லேயே ஹார்ட்டனும் வோலும் விவரித்துவிட்டார்கள். கைப்பேசி அதை மிக நெருக்கமாக்கியது. அந்த நெருக்கம் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைச் சுற்றித்தான் வளர்கிறது என்பதைக் கடைக்காரர்கள் கவனிப்பதில்லை. மலைப்பாதைகளையும் காட்டேஜ்களையும் காட்டிப் பழகிய ஒருவரை, அவரைப் பின்தொடர்பவர்கள் எந்தப் பாதையில் போகலாம், எங்கே தங்கலாம் என்பதற்குத்தான் நம்புகிறார்கள். அவர் சாக்லேட்டின் சுவையைப் பற்றிப் பேசும்போது அந்த நம்பிக்கையில் ஒரு பகுதிதான் கூட வரும்.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ரீல் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் எந்தக் கடை வாசலில் வண்டி நிற்கும் என்பதைத் தீர்மானித்தவர்கள் டாக்ஸி ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும்தான். "இங்கே வாங்குங்க சார், ஒரிஜினல் தைலம்" என்று அவர்கள் சொல்வது பரிந்துரை. அதற்குப் பின்னால் இருக்கும் கமிஷன் பயணிக்குச் சொல்லப்படாத ஸ்பான்சர்ஷிப். ஊடகச் செய்தி நேராக மக்களிடம் போய்ச் சேர்வதைவிட, அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் வழியாக வடிகட்டப்பட்டு வருவதே மிகுதி என்று 1955 இல் காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் எழுதியது இந்த ஓட்டுநர்களுக்கும் பொருந்தும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, கிரிக்கெட் கோப்பையைப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

இனிச் சந்தேகத்துக்கு இடமுள்ளவை. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தால் பார்ப்பவர் வாங்க மாட்டாரா? தன்னை இணங்க வைக்க யாரோ முயல்கிறார்கள் என்று உணர்ந்தவுடன் மனிதர் அந்தப் பேச்சை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார் என்பது 1994 இல் ஃப்ரீஸ்டாடும் ரைட்டும் முன்வைத்த கருத்து. அதுவரை பெரிய மறுப்பில்லை. அதற்கு அடுத்த படியில்தான் முடிவுகள் பிரிகின்றன. 2017 இல் வெளியான ஓர் இன்ஸ்டாகிராம் ஆய்வில், கட்டண விளம்பரம் என்ற குறிப்பைக் கவனித்து நினைவில் வைத்திருந்தவர்களிடம் அந்தப் பிராண்டு மீதான மதிப்பு குறைந்தது. வேறு ஆய்வுகளில், பொருளின் ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லும்போது அந்த இறக்கம் தணிந்தது அல்லது காணாமற்போனது. என் அனுபவம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. "இது விளம்பரம்தான், ஆனால் இந்த டார்க் சாக்லேட் எனக்குக் கசப்பு அதிகம், முந்திரி போட்டதுதான் பிடித்தது" என்று பேசிய வீடியோவுக்குப் பிறகு முந்திரிச் சாக்லேட் கேட்டு ஆள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் கண்டதை விதியாக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

பின்தொடர்பவர் எண்ணிக்கையும் இப்படித்தான். அதே 2017 இல் டி வெய்ர்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், எண்ணிக்கை கூடக்கூட அந்த நபர் பிரபலமானவராகவும் விரும்பத்தக்கவராகவும் தோன்றினார். ஆனால் தனித்தன்மையையே விற்கும் பொருளைப் பெரும் கூட்டம் பின்தொடரும் ஒருவர் காட்டியபோது, அந்தப் பொருளின் தனித்தன்மை மங்கியது. "சின்னக் கடை, கையால் செய்தது" என்பதே உங்கள் சரக்கின் கவர்ச்சி என்றால், மூன்று லட்சம் என்ற எண் அதற்கு உதவுமா, கெடுக்குமா என்று யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் இருக்கிறது. இத்துறையின் பெரும்பாலான ஆய்வுகள் அளப்பது விற்பனையை அல்ல. ஒரு பதிவைக் காட்டி, இதை வாங்குவீர்களா என்று ஒன்று முதல் ஏழு வரை எண் போடச் சொல்லும் கேள்வித்தாள்கள்தான் மிகுதி. எண் போடுகிறவர்களும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அந்த எண்ணுக்கும் பணப்பைக்கும் உள்ள தூரத்தை 2006 இல் வெப்பும் ஷீரனும் 47 சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். அவை சந்தையோடு நிற்காமல் பல துறைகளைச் சேர்ந்த சோதனைகள். விளைவின் பருமனைக் காட்டும் புள்ளியியல் அளவுகோலில், எண்ணத்தில் 0.66 அளவுக்கு மாற்றம் ஏற்பட்ட இடங்களில் நடத்தையில் ஏற்பட்ட மாற்றம் 0.36 தான், அதாவது ஏறக்குறையப் பாதி. எண்ணம் பொய் என்று இதற்குப் பொருளில்லை, வழியில் கசிகிறது. கசிவுக்கான காரணத்தை ஐசென் 1991 இல் எழுதிய கோட்பாட்டில் காணலாம்: நினைத்ததைச் செய்வது தன் கையில் இருக்கிறது என்று ஒருவர் உணர்ந்தால்தான் எண்ணம் செயலாகும். சுற்றுலாப் பயணிக்கு அது எவ்வளவு தூரம் தன் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வண்டி ஓட்டுபவர் வேறொருவர், சிம்ஸ் பார்க் பக்கம் நிறுத்த இடமில்லை, இருட்டுவதற்குள் பர்லியாறு இறங்க வேண்டும், பின் இருக்கையில் குழந்தை அழுகிறது. உங்கள் கடைக்கு வரவேண்டும் என்று மனதார நினைத்தவரும் அடுத்த வளைவில் இருக்கும் கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இதோடு இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி, அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் விதித்தார்கள். வரம்பு நிரம்பி வழியும் நாளில் எந்த வீடியோவும் மலைக்கு வரும் வாகனங்களைக் கூட்ட முடியாது. வந்தவர்களைக் கடைகளுக்குள் இடம் மாற்ற மட்டுமே முடியும். ஆகவே சீசனில் எடுக்கும் ரீல் உங்களுக்கும் பக்கத்துக் கடைக்கும் நடக்கும் போட்டிதான், அவரும் ஒரு ரீல் எடுத்தால் இருவர் பணமும் வீடியோக்காரரிடம் போய்ச் சேரும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: சராசரி பில் 600 ரூபாய், அதில் நிற்பது 180 ரூபாய் என்றால், 40,000 ரூபாயை மீட்க, எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களைக் கழித்துவிட்டு, புதிதாக 223 பில்கள் வேண்டும். "எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களைக் கழித்து" என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்; மே மாதத்தில் ரீல் போட்டுவிட்டு, கூட்டத்தைக் காட்டி ரீல் வேலை செய்தது என்கிறார்கள்.

பொருளும் ஒரு பொருட்டு. சாக்லேட் என்பது கடையில் சுவைத்துப் பார்த்து, அந்த நிமிடத்தில் முடிவு செய்து வாங்கும் சரக்கு. அதற்குச் சில வாரம் முன்பே விளம்பரம் செய்வதைவிட, கடை வாசலில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுப்பது மலிவு. மேலும் ரீலைப் பார்த்துச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏப்ரலில் ஆர்டர் வந்தால், கோக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்கு முன்பின்னாக உருகிவிடும் என்பதால், கூரியரில் போவது சாக்லேட்டாகப் போய்ச் சேராது. தேயிலை அப்படியல்ல. அது உருகாது, எடை குறைவு, தீர்ந்தால் மறுபடி கேட்பார்கள். ஒருமுறை வாங்கியவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கினால், முதல் வாடிக்கையாளரைப் பிடிக்கச் செலவழித்தது காலப்போக்கில் மீண்டுவிடும். உங்கள் கடையின் இரண்டு சரக்குகளில், தொலைவிலிருந்து பேசும் ஒருவரால் விற்கக்கூடியது தேயிலைதான்.

ஸ்பான்சர்ஷிப்புக்கு வருகிறேன். ஒரு நிகழ்ச்சியின் மீதுள்ள பற்று அதற்குப் பணம் கொடுத்தவர் மீதும் ஓரளவு படியும் என்பதில் ஐயமில்லை. 2000 இல் ஸ்பீடும் தாம்சனும் கண்டபடி, நிகழ்ச்சிக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பொருத்தமும், கொடுத்தவர் அக்கறையோடு கொடுத்தாரா விளம்பரத்துக்காகக் கொடுத்தாரா என்று மக்கள் நினைப்பதும் அந்தப் படிவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஆனால் ஸ்பான்சர் யார் என்பதையே மக்கள் பெரும்பாலும் நினைவில் வைப்பதில்லை, ஊகிக்கிறார்கள். ஜோஹரும் ஃபாமும் 1999 இல் காட்டியது இதைத்தான்: சந்தையில் பெரிதாகத் தெரியும் பெயரையும், நிகழ்ச்சியோடு பொருந்துவதாகத் தோன்றும் பெயரையும் தாங்களாகவே ஸ்பான்சராக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் பேனர் மட்டும் கட்டிவிட்டு வந்தால், ஊரில் பெயர்பெற்ற ஏதாவது பேக்கரிதான் கோப்பை கொடுத்தது என்று ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்வார்கள். போட்டி நடக்கும் நாட்களில் மைதானத்தில் உங்கள் தூளில் டீ போட்டுக் கொடுத்தால் அந்தக் குழப்பம் வராது. ஆட்டம் பார்ப்பவர் குளிரில் நிற்கிறார், கையில் உங்கள் டீ இருக்கிறது. பொருத்தத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஹட்டிக்காரர்கள் சாக்லேட் வாங்கப் போவதில்லை, தேயிலை அவர்கள் தோட்டத்திலேயே விளைகிறது, பிறகு எதற்கு அந்தப் போட்டி என்று கேட்பீர்கள். இங்கேதான் ஓட்டுநர்கள் திரும்ப வருகிறார்கள். அந்த மைதானத்தில் ஆடுபவர்களிலும் பார்ப்பவர்களிலும் டாக்ஸி ஓட்டுபவர்கள், காட்டேஜ்களில் வேலை செய்பவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இருப்பார்கள். "தம்பி, இங்கே நல்ல சாக்லேட் எங்கே கிடைக்கும்?" என்று பயணி கேட்பது அவர்களிடம். அந்தக் கேள்வி எழும் நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் பதிலுக்கு, நான்கு வாரம் முன்பு பார்த்த ரீலைவிட வலிமை அதிகம். இதை நான் ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, நம் ஊர்க் கடைவீதியைப் பார்த்த அளவில் என் கணிப்பாகச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது. காசு வாங்கிப் பேசும் சமூக ஊடகக்காரர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளன. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையின் விளக்கக் கையேடும் வந்தன. பணம் மட்டுமல்ல, இலவசமாகக் கொடுக்கும் சாக்லேட் பெட்டியும் தங்கும் வசதியும் கூட வெளிப்படுத்த வேண்டிய தொடர்புதான். வீடியோவில் அதைக் காட்சியிலும் குரலிலும் சொல்ல வேண்டும். தமிழில் பேசினால் தமிழிலேயே சொல்ல வேண்டும், விளக்கப் பகுதியின் அடியில் ஒளித்து வைத்தால் போதாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அது பேசியவரோடு நிற்காமல் விற்பவரையும் சேரும். வீட்டுச் சாக்லேட் என்ற பெயரில் விற்பதில் ஒரு பகுதி காம்பவுண்டு, அதாவது கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது, என்பது உங்களுக்கும் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோக்காரர் "நூறு சதவீதம் பியூர் சாக்லேட்" என்று சொன்னால், மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல. அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 15,000 ரூபாயைப் போட்டிக்குக் கொடுப்பேன், பேனரை விட்டாலும் டீக் கடையை விடமாட்டேன். 40,000 ரூபாய் ரீலை இந்தச் சீசனுக்கு வேண்டாம் என்பேன். அதற்குப் பதில், சமையலோ டீயோ பேசும், பத்தாயிரம் இருபதாயிரம் பேர் பின்தொடரும் ஒருவரைப் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு கூப்பிடலாம். அப்போது கடைவீதி காலியாக இருக்கும், உறைபனிக் காலத்துத் தேயிலையின் மணத்தைப் பற்றிப் பேசுவதற்கும் அவருக்கு விஷயம் இருக்கும். வாட்ஸ்அப் எண் ஒன்றை அந்த வீடியோவுக்கு மட்டும் தனியாக வையுங்கள்; அந்த எண்ணுக்கு வரும் முதல் ஆர்டர்களைவிட, மூன்று மாதம் கழித்து அதே பெயர்களில் எத்தனை பேர் மறுபடி கேட்கிறார்கள் என்பதைக் குறித்துவாருங்கள். கடைக்கு வருபவர்களிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று பில் போடும்போது கேட்பதும் நல்லதுதான், ஆனால் அந்தப் பதிலை முழுதும் நம்ப வேண்டாம், ஓட்டுநர் கூட்டி வந்தவரும் இன்ஸ்டாகிராமில் பார்த்தேன் என்பார். பயண வீடியோக்காரரிடமும் கதவை ஒரேயடியாகச் சாத்த வேண்டியதில்லை. அவர் தன் வீடியோவை உங்கள் கடைத் திரையிலும் கடையின் சமூக ஊடகப் பக்கத்திலும் ஓராண்டு பயன்படுத்த அனுமதி தருவாரா, தொகையில் பாதியை வீடியோ வெளியான பிறகு வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதினால், அந்தத் தொகை தகுமா என்று உங்கள் பில் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.